அம்மன் படம் பார்க்க மட்டும் ஒரு புரொஜெக்டர்

நல்ல படம் பார்க்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். ஒளிப்பதிவு, நிழல், அரை இருட்டில் நடிகரின் முகத்தில் வந்து போகும் சின்ன மாற்றம் என்று ரசிக்கிற ஆட்கள் இதைச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த நாளே கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். ஆனால் சனிக்கிழமை இரவு வீட்டில் மற்றவர்கள் அடங்கிய பிறகு, நாகபாம்பு நடுறோட்டில் படமெடுத்து நின்று வில்லனின் ஜீப்பை மறிக்கிற படங்களைப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு, இருபதாயிரம் ரூபாய்க்குள் இதைவிடப் பொருத்தமான சாமானை நான் கொழும்பில் காணவில்லை.

நான் சொல்வது அந்த உருளை வடிவ வெள்ளை மினி புரொஜெக்டரை. பால்மா ரின் அளவுதான் இருக்கும், ஒரு வளைந்த தாங்கியில் மாட்டியிருக்கும், மேலே திருப்பினால் கூரையிலும் படம் காட்டலாம். பெட்டியில் உள்ள பெயரைச் சொல்லிப் பிரயோசனமில்லை. அதே உடம்பு, அதே ரிமோட், அதே மெனு, பெயர் மட்டும் கடைக்குக் கடை வேறு. விலையும் கடைக்குக் கடை வேறு, அதனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் கேட்டவுடனே வாங்கிவிடாமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பெயர் தெரிந்த கம்பனிகளின் புரொஜெக்டர்கள் இருக்கின்றன, அவை வேறு ரகம், விலையும் வேறு ரகம்.

கடையில் இதைக் காட்டுகிற முறை ஒரு தனிக்கலை. சுற்றிவர ரியூப் லைற் எரிகிற இடத்தில் இதைப் போட்டால் சுவரில் ஒன்றுமே தெரியாது, ஆகவே ஒரு பெரிய கார்ட்போட் பெட்டியைப் படுக்க வைத்து, அதற்குள் புரொஜெக்டரை வைத்து, உங்களைக் குனிந்து எட்டிப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு அடி அகலப் படம், பளிச்சென்று இருக்கும். இருக்காதா பின்னே! அந்த அளவில் கைபேசி ரோர்ச்சே பளிச்சென்றுதான் இருக்கும். பெட்டியில் 9000 லூமன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைக் காட்டி, “நானா, இது உண்மையா எத்தனை லூமன்?” என்று கேட்டேன். “தங்கச்சி, வீட்டுக்குக் கொண்டுபோய் இருட்டுல போட்டுப் பாருங்க, நம்பரு எதுக்கு?” என்றார். ஒரு வகையில் அவர் சொன்னது சரி, ஆனாலும் நம்பர் தேவைதான், ஏனென்றால் அதை வைத்துத்தான் படத்தை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று முடிவெடுக்க முடியும்.

புரொஜெக்டர் வெளிச்சத்தை ஒழுங்காக அளக்கிற கணக்குக்குப் பெயர் அன்சி லூமன். முழு வெள்ளையாக ஒரு படத்தைப் போட்டு, அதை ஒன்பது பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் விழுகிற வெளிச்சத்தை அளந்து சராசரி எடுப்பார்கள். அந்தக் கணக்கில் இந்தச் சாமான் 200 என்று பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த 200 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தியேட்டர்களுக்கு ஒரு தரம் இருக்கிறது, வெறும் வெள்ளைத் திரையின் பிரகாசம் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா இருக்க வேண்டும் என்று. 200 லூமனை 100 அங்குலத்துக்குப் பரப்பினால், நல்ல வெள்ளைச் சுவரிலும் அதில் பாதிகூட வராது, 23 அளவில் நின்றுவிடும். 70 அங்குலத்துக்குச் சுருக்கினால் ஏறத்தாழ தியேட்டர் கணக்குக்கு வந்துவிடும். ஆகவே பெட்டியில் 130 அங்குலம், 150 அங்குலம் என்று போட்டிருப்பதை மறந்துவிட்டு 70க்குள் நில்லுங்கள். எங்கள் ஹோலில் சுவரிலிருந்து 2 மீற்றர் அளவில் சின்ன மேசையை வைத்தால் அது சரியாக வருகிறது. லைற் எல்லாம் அணைக்க வேண்டும், சமையலறை லைற் உட்பட.

இன்னொரு பொய், 4கே. இது 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சின்ன எல்சிடி பலகையில் இருப்பது 1280க்கு 720 புள்ளிகள். அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் சுருக்கித்தான் காட்டும்.

இனித்தான் விஷயமே. கறுப்பு என்ற நிறம் இதற்குக் கிடையாது. இருட்டு என்று நீங்கள் நினைப்பதெல்லாம் சுவரில் சாம்பலாகத்தான் விழும். இப்போது வருகிற படங்களும் தொடர்களும் பாதி நேரம் இருட்டிலேயே நடக்கின்றன, ஆள் யார், கதவு எது என்று நல்ல ரீவியிலேயே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் அப்படியான ஒரு வெளிநாட்டுத் தொடரை ஆசையாக இதில் போட்டார். மூன்று பேர் சாம்பல் நிறக் கஞ்சிக்குள் நின்று கிசுகிசுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போய் மடிக்கணினியைத் திறந்துவிட்டார், அதன் பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை, எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

அம்மன் படத்தில் இருட்டே இல்லை. அந்தக் காலத்தில் லைற்றை அள்ளிக் கொட்டித்தான் எடுத்தார்கள். நள்ளிரவு, சுடுகாடு, மந்திரவாதி பூசை செய்கிறான் என்று காட்சி இருந்தாலும் நீல லைற்றில் ஒவ்வொரு மண்டையோட்டையும் எண்ணலாம். மற்றதெல்லாம் மஞ்சள், சிவப்பு, பச்சை. குங்குமம் கொட்டும், எலுமிச்சம்பழம் உருளும், வேப்பிலை சுழலும், சிவப்புச் சேலை பறக்கும். இந்த மலிவு எல்ஈடிக்கு நுணுக்கமான நிறங்கள் வராது, பளிச்சென்ற நிறங்கள் நன்றாக வரும். படத்தின் தரத்துக்கும் அப்படியே. இந்தப் படங்களின் உரிமையை வைத்திருக்கிற கம்பனிகளே பலவற்றை முழுப்படமாக யூடியூப்பில் ஏற்றியிருக்கின்றன, பெரும்பாலும் 480 தரம், சிலது அதற்கும் கீழே. புதிய 4கே ரீவியில் அதைப் போட்டால் ஒவ்வொரு கீறலும் கட்டம் கட்டமாகத் தெரிந்து மனம் வெறுத்துப் போகும். இதில் போட்டால் எல்லாம் கொஞ்சம் குழைந்து, மென்மையாகி, கிராபிக்ஸ் பாம்பின் ஓரத்தில் தெரிகிற வெட்டுக்கோடு மறைந்து, அம்மன் விக்கிரகத்திலிருந்து எழுந்து வருகிற இடம் உண்மையாகவே எழுந்து வருகிற மாதிரி இருக்கிறது. நல்ல ரீவி காட்டிக்கொடுக்கிறதை இது மூடிவிடுகிறது.

ஒரு செற்றிங் மட்டும் மாற்ற வேண்டும். வாங்கி வந்தபடியே போட்டால் வெள்ளை நீலம் கலந்து இருக்கும், மஞ்சள் பூசிய அம்மன் முகம் லேசாகப் பச்சையாகத் தெரியும், பார்க்கிறவருக்கு அம்மனுக்கு ஏதோ சுகமில்லை என்று தோன்றும். படத்துக்கான மெனுவில் நிறச்சூட்டை ‘வார்ம்’ பக்கம் தள்ளிவிடுங்கள். எங்களுடையது வாடகை வீடு, சுவர் கிரீம் நிறம், வீட்டு உரிமையாளர் ஆணியும் அடிக்க விடமாட்டார், திரை மாட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்தக் கிரீம் நிறமே நீலத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. அப்புறம், பழைய பிரதிகள் பெரும்பாலும் பழைய ரீவியின் 4:3 அளவில் இருக்கும், இரண்டு பக்கமும் சாம்பல் பட்டை விழும். அதை நிரப்ப இழுத்துவிடுகிற வசதி ரிமோட்டில் உண்டு, தொடாதீர்கள், கதாநாயகி தொடங்கி பசுமாடு வரை எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

பசுமாடு என்றதும் சொல்ல வேண்டும், இந்த வகைப் படங்களில் விலங்குகள் நடிக்கிற நடிப்பை நான் கேலியாகப் பார்ப்பதில்லை. பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இயக்கிய இராம நாராயணன் யானையையும் குரங்கையும் பாம்பையும் கதைக்குள் ஆட்களாகவே நடத்தினார். குரங்கு சாட்சி சொல்லும், யானை பழிவாங்கும், நாய் கடிதத்தைச் சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். என் பள்ளிக்கூடக் காலத்தில் ஊரில் வாடகைக்கு ரீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் பிடித்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் போடுவார்கள். முதல் படம் பெரிய நடிகருடையது, அதைப் பெரியவர்கள் பார்ப்பார்கள். விடியப்புறம் வருகிற கடைசிப் படம்தான் எங்களுக்கு, அப்போது முழித்திருக்கிறவர்கள் சின்னப் பிள்ளைகளும் கிழவிகளும் மட்டும்தான். அந்த ருசி போகவில்லை. பகலில் கணக்காய்வு வேலை, அலுவலகத்தில் யாராவது வார இறுதியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் விருது வாங்கிய ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லிவிடுவேன்.

சத்தத்துக்கு வருவோம். உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல முடியாது, வசனம் தெளிவாகக் கேட்கும், ஆனால் உடுக்கையும் பறையும் வருகிற இடத்தில் தகரம் தட்டுகிற சத்தம்தான். விசிறி வேறு ஓயாமல் இரையும், நீங்கள் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அமைதியான காட்சிகளில் எரிச்சல் வரும், அம்மன் படத்தில் அமைதியான காட்சி எது என்று யோசித்துப் பார்த்தேன், எழுத்து ஓடுகிற இடத்திலும் சங்கு ஊதுகிறார்கள். புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை இணைத்துவிட்டேன். புளூடூத்தில் சத்தம் ஒரு நொடியில் சின்னப் பங்கு பிந்தித்தான் வரும், வேறு படமென்றால் வாயும் குரலும் ஒட்டாமல் தலையிடி தரும். அந்தக் காலத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் பிறகு டப்பிங் தியேட்டரில் குரல் சேர்த்தவை, பல கதாநாயகிகளுக்கு வேறு ஆட்கள்தான் குரல் கொடுத்தார்கள், வாயும் குரலும் முதலிலிருந்தே ஒட்டவில்லை. ஆகவே பிந்துவது யாருக்கும் தெரியாது. எங்கள் ஃபிளற்றுக்குப் பின்னால் கடற்கரை ரயில் பாதை, ரயில் போகிற நேரம் எந்த ஸ்பீக்கராலும் ஒன்றும் செய்ய முடியாது, வில்லன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பான், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்குள் ஆண்ட்ராய்ட் இருக்கிறது, ஆனால் மெதுவானது. யூடியூப் திறக்க எடுக்கிற நேரத்தில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான கட்டணச் செயலிகளை நம்பி வாங்காதீர்கள், அவை அங்கீகாரம் இல்லாத கருவிகளில் ஒழுங்கான தரத்தில் ஓடாது, கைபேசியிலிருந்து திரையைப் பிரதிபலித்தாலும் பல செயலிகளில் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாகிவிடும். இது கருவியின் பழுதல்ல, களவாகப் பதிவு செய்யாமலிருக்கச் செயலிக்காரர்கள் போட்ட பூட்டு. அவை வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ துளையில் தனியாக ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகுங்கள். எனக்கு யூடியூப் போதும். அதில் உள்ள ஒரே இடைஞ்சல் விளம்பரம், அம்மன் நெற்றிக்கண் திறக்கிற சரியான கணத்தில் படம் நின்று ஒரு குடும்பம் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சவர்க்காரம் போடும்.

மின்சாரம் மிகக் குறைவாகத்தான் எடுக்கும், பெரிய ரீவியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. உள்ளே பற்றரி கிடையாது, கரண்ட் போனால் படமும் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தை நினைத்தால் இப்போது சொர்க்கம்தான், ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் முழு நாட்டுக்கும் மின்சாரம் போனது என்று அமைச்சரே சொன்னார். இராம நாராயணன் படத்தில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால் விமர்சகர்கள் கிழித்திருப்பார்கள். கூட வருகிற வயரின் பிளக் எங்கள் சுவரில் உள்ள பழைய வட்டத் துளைக்குப் பொருந்தாது, ஒரு அடப்டரும் சேர்த்து வாங்குங்கள். கடல் பக்கம் இருக்கிறவர்கள் பார்த்து முடித்ததும் ஆறவிட்டு, துணிப்பையில் போட்டு அலுமாரிக்குள் வையுங்கள். எங்கள் வெள்ளவத்தைக் கடற்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, இதற்கும் தூசி உள்ளே போனால் சுவரில் நிரந்தரப் புள்ளி விழும்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். காலி வீதியில் கொத்து ரொட்டி எடுத்துக்கொண்டு வந்து, எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டால் படம் தொடங்கலாம். கோழிக் கொத்தைத் தின்றுகொண்டு அம்மன் படம் பார்க்கலாமா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. மயூரபதி அம்மன் கோயில் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, அம்மா வெள்ளி தவறாமல் போவார், அவருடைய தீர்ப்பு மரக்கறிக் கொத்து. நான் முட்டைக் கொத்தில் சமரசம் செய்திருக்கிறேன். ஆடி மாதத்தில் அதுவும் இல்லை, கச்சானும் மிக்சரும்தான்.

பெட்டியில் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது, வாங்க யோசிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். கைபேசியில் எதைப் பார்த்தாலும் அது உங்களுக்கும் கைபேசிக்கும் இடையிலான விஷயம். 70 அங்குலத்தில் பார்ப்பது அப்படியல்ல. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஃபிளற்றுகள் ஒன்றையொன்று முகம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, எங்கள் ஹோல் பல்கனிக் கதவுக்கு நேரே எதிர்ப்பக்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்திருப்போம், ஹோலில் லைற் இல்லை, சுவரில் மட்டும் அம்மன். ஒரு ஞாயிறு காலை மரக்கறிக் கடையில் அந்த வீட்டு அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு என்றுதான் நினைத்தேன்.

“பிள்ளை, நேற்று அந்தக் கோயில் கதவு தானாத் திறந்ததெல்லோ, அந்த நேரம் பார்த்து மகன் லண்டனிலயிருந்து கோல் எடுத்திட்டான். பிறகு என்ன நடந்தது?”

கத்தரிக்காய்க்கும் வெண்டிக்காய்க்கும் நடுவில் நின்று மிச்சக் கதையைச் சொன்னேன், மந்திரவாதி எரிந்ததையும் குழந்தை பிழைத்ததையும். பக்கத்தில் நின்ற இன்னொருவர் அது எந்தப் படம் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே, “இஞ்சரும், இனி ரிக்கெற் அடிச்சு விற்கலாம்” என்றார்.

திரைச்சீலை வாங்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது, இருட்டுக்கும் அது நல்லதுதான். அதற்குள் அடுத்த சனிக்கிழமை படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அன்ரி கோல் எடுத்தார். “பிள்ளை, உங்கட பல்கனித் தூண் சாமியின்ர பாதி முகத்தை மறைக்குது. கொஞ்சம் இடப்பக்கமாத் தள்ளிப் போடுவீங்களோ?”

புரொஜெக்டரைச் சரிவாகத் திருப்பினால் படம் கோணலாகும், அதை நேராக்கக் கீஸ்டோன் என்று ஒரு வசதி உண்டு, ஆனால் அது படத்தின் ஓரப் புள்ளிகளை வெட்டித்தான் நேராக்கும், இருக்கிற 720இலும் கொஞ்சம் போய்விடும், வெளிச்சமும் குறையும். ஆகவே புரொஜெக்டரைத் திருப்பாதீர்கள், மேசையையே நகர்த்துங்கள். நான் சோபாவையும் சேர்த்து இழுத்தேன்.